மாரோவிண்ட்: குறை எது, குணம் எது

ஸ்கைரிம் கேமை முடித்துவிட்டு, அதே வரிசையின் பழைய கேமான மாரோவிண்டைத் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதைப் போல ஒரு ஆர்பிஜி (ஒரு கேரக்டரை உருவாக்கி வளர்த்து ஆடும் கேம்) வந்ததே இல்லை என்கிறார் ஒருவர். ஒரு எலியைக்கூட அடிக்க முடியவில்லை, அரை மணி நேரத்தில் மூடிவிட்டேன் என்கிறார் இன்னொருவர். யாரை நம்புவது என்பது உங்கள் குழப்பம்.

இருவர் சொல்வதும் நடப்பதுதான். ஆனால் இந்த விவாதம் இத்தனை வருடமாக ஒரே இடத்தில் சுற்றுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ரசிகர்கள் எல்லாக் குறையையும் குணம் என்று சாதிக்கிறார்கள். பிடிக்காதவர்கள் எல்லாக் குணத்தையும் பழங்காலத்துக் குறை என்று தள்ளிவிடுகிறார்கள். நான் பார்த்தவரை இந்த கேமில் குறையென்று சொல்லப்படுபவை இரண்டு வகை. 'இந்த உலகம் உனக்காக வளைந்து கொடுக்காது, நீதான் இதைப் படித்துக்கொள்ள வேண்டும்' என்ற ஒரே முடிவிலிருந்து பிறந்தவை ஒரு வகை. அவற்றைப் பிடுங்கினால் கேமே மிஞ்சாது. மற்றவை அரைகுறையாக விடப்பட்ட வேலை. அவற்றுக்கு யாரும் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை.

பின்னணி கொஞ்சம். எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் மூன்றாவது கேம் இது. பெதெஸ்டா நிறுவனம் 2002 மே மாதம் வெளியிட்டது. ட்ரிப்யூனல் என்ற எக்ஸ்பான்ஷன் (கூடுதல் பகுதி) அதே ஆண்டிலும், பிளட்மூன் 2003-லும் வந்தன. இதற்கு முந்தைய டாகர்ஃபால் (1996) கணினியே உருவாக்கிய பிரம்மாண்டமான நிலப்பரப்பு. ஆனால் ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் வித்தியாசம் தெரியாது. மாரோவிண்டில் நேர் எதிராகச் செய்தார்கள். வார்டன்ஃபெல் என்ற ஒரே ஒரு தீவை எடுத்துக்கொண்டு, குகை, கல்லறை, அலமாரியில் இருக்கும் புத்தகம் வரை கையால் வைத்தார்கள். அந்த உழைப்பு இன்றும் தெரிகிறது. கிராஃபிக்ஸ் பழசு, உடல் அசைவுகள் விறைப்பு, இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

எல்லோரும் முதலில் முட்டிக்கொள்வது சண்டையில்தான். வாள் எதிரியின் உடம்புக்குள் போய்வருவது கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. ஆனால் காற்றை வெட்டும் சத்தம் மட்டும் வருகிறது, அடி விழவில்லை. உள்ளே பகடை உருள்கிறது. கணக்கு இதுதான்: உங்கள் ஆயுதத் திறன், அதோடு சுறுசுறுப்பில் ஐந்தில் ஒரு பங்கு, அதிர்ஷ்டத்தில் பத்தில் ஒரு பங்கு. இந்தக் கூட்டுத்தொகையை உங்கள் களைப்பு பெருக்குகிறது. களைப்பைக் காட்டும் பச்சைப் பட்டை முழுதாக இருந்தால், அதாவது களைப்பே இல்லையென்றால், 1.25 மடங்கு, காலியாக இருந்தால் 0.75 மடங்கு. வருவதிலிருந்து எதிரியின் தப்பிக்கும் திறனை (அவனுடைய சுறுசுறுப்பு, அதிர்ஷ்டத்தின் அதே பங்குகள், அதே களைப்புப் பெருக்கலோடு) கழித்தால், அடி விழும் வாய்ப்பு நூற்றுக்கு எவ்வளவு என்பது கிடைக்கும்.

எண்களைப் போட்டுப் பார்த்தால் அந்த அரை மணி நேரக்காரரின் கோபம் புரியும். கேம் தொடங்கும் செய்டா நீன் ஊரில், அரசு அலுவலக மேசையில் ஒரு குத்துவாள் கிடக்கும். புதியவர்கள் பெரும்பாலும் அதை எடுத்துக்கொண்டுதான் வெளியே வருவார்கள். குறுவாள் திறனை அவர்கள் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். அப்படியானால் அது 5 என்ற அளவில் இருக்கும். சுறுசுறுப்பு 40, அதிர்ஷ்டம் 40 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 17. எதிரிக்கும் அதே 40, 40, அவன் களைப்பில்லாமல் நிற்கிறான் என்றால் அவனுக்காகக் கழிவது 15. நீங்களும் களைப்பில்லாமல் இருந்தால் உங்கள் வாய்ப்பு நூற்றுக்கு 6. ஓடி வந்து மூச்சு வாங்க நின்றால் பூஜ்யத்துக்கும் கீழே போய்விடுகிறது. அடி விழவே விழாது. மாரோவிண்டில் சும்மா ஓடினாலே களைப்பு ஏறும், ஆனால் அதைப் புதியவருக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இப்போது வேறு ஒருவரைப் பார்ப்போம். ரெட்கார்ட் இனம், சண்டைப் பிரிவு, நீள்வாளை முதன்மைத் திறனாக எடுத்தவர். அவர் திறன் முதல் நாளிலேயே 50. அதே எதிரி முன்னால், மூச்சு வாங்காமல் நின்றால் நூற்றுக்கு 62. முதலாமவருக்கும் இவருக்கும் லெவல் ஒன்றுதான், ஊர் ஒன்றுதான். கேம் வேறு வேறு.

பகடையை நான் குறை சொல்ல மாட்டேன். மந்திரவாதியாக வளர்ந்தவன் கோடரியைத் தூக்கினால் தடுமாற வேண்டும் என்பது நியாயமான விதி. பின்னால் திறன் 80-ஐத் தாண்டும்போது கையில் வரும் அந்தப் பிடிமானம், ஆரம்பத்தில் பட்ட அவதியால்தான் இனிக்கிறது. குறை என்னவென்றால், பகடை உருள்வதைத் திரையில் காட்டவே இல்லை. எதிரி ஒதுங்குவதாகவோ கேடயத்தால் தட்டிவிடுவதாகவோ ஒரு சின்ன அசைவு இருந்திருந்தால் இந்தப் புகாரில் பாதி எழுந்திருக்காது. மேசையில் காகிதமும் பேனாவுமாக ஆடும் ஆட்டத்தில் 'அவன் குனிந்துவிட்டான்' என்று நடுவர் வாயால் சொல்லிவிடுவார். இங்கே சொல்ல ஆளில்லை. முப்பரிமாணத்தில் நேருக்கு நேர் காட்டிவிட்டு, கண் பார்த்ததைப் பொய்யாக்குவது வடிவமைப்புப் பிழைதான்.

அடுத்த பெரிய சண்டை, வழிகாட்டும் அம்புக்குறி இல்லாதது. இங்கே நான் முழுக்க ரசிகர்கள் பக்கம். குவெஸ்ட், அதாவது முடிக்க வேண்டிய வேலை, கொடுப்பவர் வழியை வாயால் சொல்வார். இந்தச் சாலையில் வடக்கே போ, பாலம் வரும், தாண்டி இடது பக்கம் திரும்பு என்பது மாதிரி. அது ஜர்னல் என்ற குறிப்பேட்டில் பதிவாகும். மீதி உங்கள் கண்ணும் காலும். ஸ்கைரிமில் திசைகாட்டியில் உள்ள அம்பைப் பார்த்தபடி நடந்தவர்களுக்கு முதல் சில மணி நேரம் எரிச்சலாக இருக்கும். அதன் பிறகு ஒரு மாற்றம் வரும். மலையின் வடிவம், சாம்பல் நிலம் தொடங்கும் எல்லை, எந்தக் கல்தூணுக்குப் பக்கத்தில் பாதை பிரிகிறது என்பதெல்லாம் மனசில் தங்க ஆரம்பிக்கும்.

இதன் உச்சம் முதன்மைக் கதையில் வருகிறது. அவதாரத்தின் குகையைக் கண்டுபிடிக்க வேண்டும். உங்களுக்குக் கிடைப்பது ஒரு விடுகதை: காற்றின் பற்களுக்கு நடுவே ஊசியின் கண், முத்தின் தோலில் குகையின் வாய், நட்சத்திரமே சாவி. உர்ஷிலாகு என்ற நாடோடிகளின் முகாமில் ஆட்களை விசாரித்தால் துண்டு துண்டாகப் பொருள் தெரியவரும். பல் என்பது ஒரு பாறைத்தொடருக்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர். ஊசி என்பது தனியாக நிற்கும் உயரமான கல். நட்சத்திரம் என்பது அசூரா என்ற தெய்வத்தின் நட்சத்திரம். அவள் விடியலுக்கும் அந்திக்கும் உரியவள். அதனால் கதவு அந்த இரண்டு வேளைகளில் மட்டுமே திறக்கும். சரியான இடத்துக்கு நண்பகலில் போய் நின்றால் பூட்டிய கதவுதான் கிடைக்கும். ஓர் அம்புக்குறி இருந்திருந்தால் இது இருபது வினாடி வேலை. இந்தக் கதையில் உங்கள் கேரக்டர் ஒரு முன்னறிவிப்பை நிறைவேற்ற வேண்டியவர். அதை நிறைவேற்ற நீங்களே அந்த முன்னறிவிப்பைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கதையும் விளையாட்டும் இப்படி ஒன்றாகும் இடங்கள் எந்த கேமிலும் அபூர்வம்.

அதற்காகச் சொதப்பலையும் புகழ வேண்டியதில்லை. சில வழிக்குறிப்புகள் தவறாகவே எழுதப்பட்டிருக்கின்றன, கிழக்குக்கு மேற்கு என்பது மாதிரி. முதன்மைக் கதையின் முதல் வேலைகளில் ஒன்று ஆர்க்ங்தாண்ட் என்ற குள்ளர்களின் இடிபாட்டிலிருந்து ஒரு புதிர்ப்பெட்டியை எடுத்துவருவது. இடிபாட்டின் கதவைத் திறக்க வெளியே ஒரு குழாயில் உள்ள திருகியைச் சுற்ற வேண்டும் என்பது நல்ல புதிர். ஆனால் உள்ளே போனால், தட்டுமுட்டுச் சாமான்கள் நிறைந்த அலமாரிகளுக்கு நடுவே கையளவு கனசதுரம் ஒன்றைத் தேட வேண்டும். பெட்டி எப்படி இருக்கும் என்று தெரியாதவர் அதைத் தாண்டித் தாண்டிப் போவார். கேமின் தொடக்கத்திலேயே வரும் இந்த ஒரு குவெஸ்ட்டில் சலித்து விட்டுப்போனவர்கள் ஏராளம். இதைப் படித்துக்கொள்ளும் சவால் என்று சொல்ல மாட்டேன். வெறும் தேடல்.

ஃபாஸ்ட் டிராவல் கிடையாது என்பதும் பாதிதான் உண்மை. மேப்பைச் சொடுக்கிப் பறக்க முடியாதே தவிர, பயண வசதி நிறைய உண்டு. சில்ட் ஸ்ட்ரைடர் என்ற ராட்சதப் பூச்சியின் முதுகில் ஏறி ஊர் ஊராகப் போகலாம், கடலோரத்தில் படகு உண்டு, மந்திரவாதிகள் சங்கத்தின் கிளைகளுக்குள் ஒருவர் உங்களை நொடியில் அனுப்பிவைப்பார். ஆல்ம்சிவி இன்டர்வென்ஷன் மந்திரம் பக்கத்துக் கோயிலில் கொண்டுபோய் விடும். டிவைன் இன்டர்வென்ஷன் பக்கத்துப் பேரரசு வழிபாட்டிடத்துக்கு. மார்க் போட்ட இடத்துக்கு ரீகால் மந்திரத்தால் திரும்பலாம், ஒரே ஒரு இடம்தான் மனசில் வைத்திருக்க முடியும். எந்த ஊரிலிருந்து எதில் ஏறி எங்கே மாறினால் சீக்கிரம் போகலாம் என்று தானாகவே தலைக்குள் ஒரு வரைபடம் உருவாகும். நடை வேகம் ஆரம்பத்தில் மிக மெதுவாக இருப்பது மட்டும் தேவையில்லாத தண்டனை.

அந்த மெதுவான நடைக்குக் கேமே ஒரு மருந்தும் வைத்திருக்கிறது. இந்த கேமின் மந்திர முறையை விளக்க இதைவிட நல்ல உதாரணம் இல்லை. கால்டேரா ஊருக்குப் பக்கத்துச் சாலையில் பெமெனி என்றொரு பெண் நிற்பாள். நார் மோக் என்ற ஊர்வரை துணைக்கு வந்தால் தன் மந்திரக் காலணியைத் தருவதாகச் சொல்வாள். வாங்கிப் போட்டால் வேகம் 200 புள்ளி கூடும், அதோடு கண்ணும் நூற்றுக்கு நூறு குருடாகிவிடும். திரை இருண்டுவிடும். ஏமாற்றிவிட்டாள் என்று பலர் தூக்கி எறிவார்கள். ஆனால் குருட்டுத்தன்மை என்பது ஒரு மந்திர விளைவு. மந்திர எதிர்ப்பு இருந்தால் அது குறையும். அந்த எதிர்ப்பு காலணியைப் போடும் நொடியில் மட்டும் கணக்கில் எடுக்கப்படுகிறது. ஆகவே மந்திரம் செய்து தருபவரிடம் போய் ஒரே ஒரு வினாடி நீடிக்கும் முழு மந்திர எதிர்ப்பை உருவாக்கிக்கொள்ளுங்கள். அதைப் போட்டுக்கொண்டு காலணியை மாட்டினால் பார்வை தெளிவாக இருக்கும், வேகம் மட்டும் மிஞ்சும். பிரெட்டன் இனத்தவருக்குப் பிறவியிலேயே பாதி எதிர்ப்பு உண்டு, அவர்களுக்கு இன்னும் சுலபம்.

யாரும் இதை உங்களுக்குக் கற்றுத் தர மாட்டார்கள். விதிகளை எழுதியவர்கள் அவற்றை நேர்மையாக எழுதி உங்கள் கையில் விட்டுவிட்டார்கள். தொடக்க ஊரைவிட்டு வெளியே வந்ததும் வானத்திலிருந்து ஒரு மந்திரவாதி அலறிக்கொண்டு விழுந்து சாவானே, அவன் பையில் இருக்கும் மந்திரச் சுருள்களும் அதே பாடம்தான். தாவும் திறனை 1000 புள்ளி கூட்டும் சுருள் அது. ஏறுவது எளிது, இறங்குவதற்கு நீங்கள்தான் வழி யோசிக்க வேண்டும். டெல்வன்னி மந்திரவாதிகளின் காளான் கோபுரங்களுக்குள் படிக்கட்டே கிடையாது. மிதக்கத் தெரியாதவனுக்கு அங்கே வேலையில்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள். மிதக்கும் மந்திரமும் மார்க், ரீகால் மந்திரங்களும் 2006-இல் வந்த அடுத்த கேமான ஒப்லிவியனிலேயே எடுக்கப்பட்டுவிட்டன, ஸ்கைரிமிலும் திரும்பவில்லை. அந்த இழப்பு எனக்கு இன்றும் வருத்தம்.

ஆனால் இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு, ரசிகர்கள் அதை ஒத்துக்கொள்ளத் தயங்குகிறார்கள். நீங்கள் காய்ச்சும் மருந்தின் வலிமை அறிவுத்திறனைப் பொறுத்தது. அறிவுத்திறனைக் கூட்டும் மருந்தையே காய்ச்ச முடியும், ஆஷ் யாமும் ப்ளோட்டும் இருந்தால் போதும். குடித்துவிட்டுக் காய்ச்சினால் அடுத்தது இன்னும் வலிமையானது. அதைக் குடித்துவிட்டு இன்னொன்று. இதற்கு உச்சவரம்பு இல்லை. கால்டேராவில் ஒரு மாளிகைக்குள் இருக்கும் க்ரீப்பர் என்ற குட்டிப் பேய் பொருட்களை முழு விலைக்கு வாங்கிக்கொள்ளும். பணத்துக்கும் மதிப்புப் போய்விடும். இந்த வித்தைகளைத் தொடாமல் நேர்மையாக ஆடினாலும், லெவல் 20 வாக்கில் தீவில் உங்களை எதிர்த்து நிற்க அதிகம் பேர் இல்லை. உலகம் உங்களுக்காக வளையாது என்ற கொள்கையின் மறுபக்கம் இது. உங்களோடு சேர்ந்து அது வளர்வதும் இல்லை. ஒப்லிவியன் எதிரிகளையும் கிடைக்கும் பொருட்களையும் உங்கள் லெவலுக்கு ஏற்ப ஏற்றிக்கொண்டே போய் எல்லா இடத்தையும் ஒரே மாதிரி ஆக்கியதைவிட இது மேல் என்பேன். ஆனாலும் கடைசி மூன்றில் ஒரு பகுதி சப்பென்று இருப்பது உண்மை. என்னைக் கேட்டால் மாரோவிண்டின் மிகப் பெரிய குறை இதுதான், வாள் படாதது அல்ல.

இனி வக்காலத்தே வாங்கக் கூடாதவை. லெவல் ஏறும் முறை முதலாவது. முதன்மை, துணைத் திறன்களில் மொத்தம் பத்துப் புள்ளி ஏறினால் ஒரு லெவல். அப்போது மூன்று பண்புகளைக் கூட்டலாம். அதோடு தொடர்புள்ள திறன்களைப் பத்து முறை ஏற்றியிருந்தால் ஐந்து புள்ளி, ஒன்றுமே ஏற்றவில்லை என்றால் ஒரே புள்ளி. உயிர்ப்புள்ளி, அதாவது எவ்வளவு அடி தாங்கலாம் என்ற அளவு, இன்னும் மோசம். ஒவ்வொரு லெவலிலும் அந்த நேரத்துத் தாங்குதிறனில் பத்தில் ஒரு பங்குதான் உயிர்ப்புள்ளியாகச் சேரும், பழைய லெவல்களுக்குத் திரும்பக் கணக்கிடாது. தாங்குதிறனைத் தாமதமாக ஏற்றியவர் கடைசிவரை அந்த நஷ்டத்தோடு ஆட வேண்டும். இயல்பாக விளையாடுபவரைத் தண்டித்து, காகிதத்தில் கணக்குப் போட்டுக்கொண்டு விளையாடுபவருக்குப் பரிசு தரும் முறை இது.

ஜர்னல் இரண்டாவது. முதலில் வந்த பதிப்பில் எல்லாக் குவெஸ்ட் குறிப்புகளும் தேதி வரிசையில் ஒரே கதையாக நீளும். வாய்மொழி வழியை நம்பும் கேமில் அந்த வழியைத் தேடி எடுக்கவே முடியாது. ட்ரிப்யூனல்தான் குவெஸ்ட் வாரியாகப் பார்க்கும் வசதியைக் கொடுத்தது. மக்கள் மூன்றாவது. இரவு பகல் ஒரே இடத்தில் நிற்பார்கள். பால்மோரா என்ற ஊரைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பத்தியை ஒப்பிப்பார்கள். கிளிஃப் ரேசர் என்ற பறக்கும் பிராணியைப் பற்றி ரசிகருக்கும் எதிர்ப்பாளருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. கண்ணுக்கெட்டாத தூரத்திலிருந்து துரத்தி வந்து தொல்லை தரும். கேமின் தொடக்கத்தில் உங்கள் பெயரைக் கேட்கும் ஜியூப் என்ற கைதிதான் பிற்காலத்தில் இவற்றைத் தீவிலிருந்து ஒழித்துப் புனிதரானார் என்று வரிசையின் அடுத்த கேம்களிலேயே எழுதிவைத்தார்கள். ஸ்கைரிமின் டான்கார்ட் எக்ஸ்பான்ஷனில் அவரை நீங்களே பார்த்திருக்கலாம்.

இத்தனையையும் தாண்டி இந்த கேமை ஏன் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்றால், கதை எழுதப்பட்ட விதம். நெரெவார் என்ற பழங்காலத் தலைவன் மறுபிறப்பெடுத்து வருவான் என்பது நாடோடிகளின் நம்பிக்கை. அவன் போர்க்காயத்தால் இறந்தான் என்கிறது கோயில். இன்று தெய்வங்களாக வணங்கப்படும் மூவர்தான் அவனைக் கொன்றார்கள் என்கிறார்கள் நாடோடிகள். தடைசெய்யப்பட்ட நூல்கள் இன்னொன்று சொல்கின்றன. அந்த மூவரில் ஒருவரான விவெக்கைச் சந்தித்தே கேட்கலாம், அவர் பதிலும் ஒரு தரப்பின் பதில்தான். எது நடந்தது என்று கேம் கடைசிவரை தீர்ப்புச் சொல்வதில்லை. நீங்கள் உண்மையில் மறுபிறப்பா, பேரரசர் தன் அரசியலுக்காகப் பொருத்தமான ஜாதகத்தோடு அனுப்பிய கைதியா என்பதையும் உறுதி செய்வதில்லை. டாகோத் ஊர் என்ற பெயருள்ள வில்லன் கடைசிச் சந்திப்பில் பழைய நண்பனிடம் பேசுவது போல மரியாதையாகப் பேசுகிறான், கேள்விகள் கேட்கிறான், உங்கள் பதிலைக் காதில் வாங்குகிறான்.

கதைக்கு முக்கியமானவரைக் கொன்றால்கூட கேம் தடுக்காது. விதியின் இழை அறுந்துவிட்டது, வேண்டுமானால் முன்பு சேமித்துவைத்த ஆட்டத்துக்குத் திரும்பு, இல்லையென்றால் நாசமான இந்த உலகிலேயே தொடர் என்று ஒரு செய்தி வரும். தொடர்ந்தாலும் வழி முழுக்க அடைபடாது. குள்ளர் இனத்தில் உயிரோடு மிஞ்சியிருக்கும் ஒரே ஆளின் உதவியோடு முதன்மைக் கதையை முடிக்கப் பின்வாசல் ஒன்று உண்டு. ஸ்கைரிமில் முக்கியமானவர்கள் முழங்காலில் விழுந்து மீண்டும் எழுவதைப் பார்த்துப் பழகிய உங்களுக்கு இது பெரிய அதிர்ச்சியாக இருக்கும்.

ஆகவே தொடங்குங்கள். ஓபன்எம்டபிள்யூ என்ற திறந்தமூல இயந்திரத்தில் ஓட்டினால் இன்றைய கணினிகளில் தொல்லை குறைவு. விலை கொடுத்து வாங்கிய கேமின் கோப்புகள் அதற்கு வேண்டும். ரசிகர்கள் செய்த மாற்றங்களான மோட்களை முதல் ஆட்டத்தில் குவிக்க வேண்டாம். உயிர்ப்புள்ளிக் கணக்கைச் சரிசெய்யும் ஒன்று போதும். ஒரே ஒரு ஆயுதத்தை முதன்மைத் திறனாக எடுத்து, அதற்குப் பொருத்தமான இனத்தைத் தேர்ந்தெடுங்கள். சண்டைக்கு முன் ஓடாமல் நடந்து போங்கள். பால்மோராவில், முதன்மைக் கதையின் வேலைகளைத் தரும் கையஸ் கோசேடஸைப் பார்த்ததும், கொஞ்சம் அனுபவம் சேர்த்துக்கொண்டு வா என்று பணம் கொடுத்து அனுப்புவார். அதை அப்படியே எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு சங்கத்தில் சேர்ந்து சுற்றுங்கள். புதிர்ப்பெட்டி கண்ணில் படவில்லை என்றால் இணையத்தில் பார்த்துவிடுங்கள், அதில் எந்த இழப்பும் இல்லை. அவதாரக் குகையை மட்டும் பார்க்காதீர்கள். கையஸ் தரும் முதல் நான்கைந்து வேலைகளுக்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் விட்டுவிடலாம், ஏனென்றால் அதன் பிறகு வருவதும் இதே மாதிரிதான் இருக்கும்.